ஜெர்மனியில் ஒரு செமஸ்டர்: முதலில் சாவி, அப்புறம்தான் மற்றதெல்லாம்

குடியாத்தத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். வேலூரில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறார். கல்லூரிகளுக்கு இடையே உள்ள ஒப்பந்தத்தில், அக்டோபர் முதல் ஒரு செமஸ்டர் ஜெர்மனியில் படிக்கப் போகிறார். அவர் வீட்டில் பாஸ்போர்ட் எடுத்த முதல் ஆள் அவர்தானாம். "இறங்கினதும் முதல் சில நாள் என்னக்கா பண்ணணும்? ஆளாளுக்கு ஒரு லிஸ்ட் அனுப்பறாங்க. எதை முதல்ல புடிக்கிறதுன்னே தெரியல. சாப்பாடு, குளிர், தனியா இருக்கறது, எல்லாமே பயமா இருக்கு" என்கிறார்.

தம்பி, நான் வாலாஜாக்காரி. 2014-ல் இதே போல ஒரு செமஸ்டர் போய் வந்தேன். இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறேன்; வருடா வருடம் கிளம்புகிற பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசுவது எப்படியோ என் தலையில் விழுந்த வேலை. உங்களுக்கு வந்த லிஸ்ட்கள் எதுவும் தப்பாக இருக்காது. ஆனால் அவற்றில் வரிசை இருக்காது. முதல் பதினைந்து நாளில் வரிசைதான் எல்லாம். ஒரு காகிதம் கையில் வந்தால்தான் அடுத்த காகிதம் நகரும். அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி அறைச் சாவி. அதில் நான் கோட்டை விட்ட கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2014 அக்டோபர் 2, வியாழக்கிழமை. காந்தி ஜெயந்தி, அன்றே ஆயுத பூஜை, மறுநாள் விஜயதசமி. "விஜயதசமி அன்னைக்குப் புது இடத்துல இருந்தா படிப்பு நல்லா வரும்" என்று அப்பா நாள் பார்த்து டிக்கெட் எடுத்தார். எல்லாருக்கும் லீவு என்பதால் மீனம்பாக்கத்துக்கு வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆள். காலை விமானம், வளைகுடாவில் மாறி, சாயங்காலம் ஜெர்மனி, அங்கிருந்து ரயில். விடுதி வாசலை அடைந்தபோது மணி எட்டரை. கதவு பூட்டியிருந்தது. வாட்ச்மேன் இல்லை, வார்டன் இல்லை. அங்கே மாணவர் விடுதி என்றால் வெறும் அடுக்குமாடிக் கட்டடம்தான், நம் ஊர் ஹாஸ்டல் மாதிரி யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். சாவி தருபவர் ஹவுஸ்மைஸ்டர் என்கிற பராமரிப்பாளர். அவருக்குக் குறிப்பிட்ட அலுவலக நேரம் உண்டு, அது முடிந்துவிட்டது. மறுநாள் வெள்ளி, அக்டோபர் 3. 1990-ல் இரண்டு ஜெர்மனியும் ஒன்றான தேதி, நாடு முழுக்க விடுமுறை. அதற்கடுத்து சனி, ஞாயிறு. ஆக, திங்கட்கிழமை காலைதான் சாவி. அப்பா ராகுகாலம், எமகண்டம் எல்லாம் பார்த்தார். ஜெர்மன் காலண்டரை மட்டும் எங்களில் யாரும் பார்க்கவில்லை.

இரண்டு பெட்டியோடு வாசலில் நின்றபோது உள்ளே போக வந்த ஒரு பெண் விசாரித்தாள். வங்கதேசத்துப் பெண். இந்தியாவில் எந்த ஊர் என்று கேட்டாள். சென்னைப் பக்கம் என்றேன். பக்கம் என்றால் எது என்றாள். வேலூர் என்றதும் கண் விரிந்தது. ஒன்பது வயதில் அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து இரண்டு மாதம் காந்தி ரோட்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் இருந்திருக்கிறாள். "தண்ணி", "ஆட்டோ எவ்ளோ", "பரவால்ல" மூன்றும் இன்னும் மறக்கவில்லை. திங்கட்கிழமை வரை அவள் அறைத் தரையில்தான் படுத்தேன்.

இதில் உங்களுக்கு இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, யாராவது ஊரைக் கேட்டால் சென்னை என்று சொல்லாதீர்கள், வேலூர் என்றே சொல்லுங்கள். கொல்கத்தா, டாக்கா, வடகிழக்கு மாநிலத்துப் பிள்ளைகள் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இருப்பார்கள். அவர்கள் வீட்டில் யாராவது ஒருவர் நம் ஊருக்கு வந்து போயிருப்பார். இரண்டு, திங்கள் முதல் வியாழனுக்குள், காலையில் போய் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். அதற்கு முன் விடுதிக்கு மின்னஞ்சல் எழுதி, சாவி எங்கே, யாரிடம், எத்தனை மணிக்குள் என்று பதில் வாங்கிவிடுங்கள். எப்படிப் பார்த்தாலும் அலுவலக நேரம் தவறும் என்றால், உங்களுக்குத் துணையாக அங்கே ஒதுக்கப்பட்ட மாணவரின் ('buddy' என்பார்கள்) பெயருக்கு ஒரு அதிகாரக் கடிதம் எழுதி, பாஸ்போர்ட் நகலோடு அனுப்பினால் அவரே முன்கூட்டி வாங்கிவைக்க முடியுமா என்று விடுதியில் கேளுங்கள். பல இடங்களில் ஒப்புக்கொள்கிறார்கள்.

சாவி வந்த கையோடு இன்னொரு எச்சரிக்கை. அங்கே பெரும்பாலான கதவுகள் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும். குப்பை கொட்டப் போனாலும் சாவி கழுத்தில் தொங்கட்டும். பூட்டுத் திறக்க ஆளைக் கூப்பிட்டால், அதுவும் ராத்திரியோ ஞாயிறோ ஆனால், நூறு யூரோவுக்கு மேல் போய்விடும்.

அடுத்த கண்ணி, விலாசப் பதிவு. அன்மெல்டுங் என்பார்கள். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் போய் "நான் இந்த வீட்டில் இருக்கிறேன்" என்று பதிய வேண்டும், இது சட்டம். பாஸ்போர்ட், நிரப்பிய படிவம், இவற்றோடு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் ஒன்றும் வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை நீட்டினால் போதாது. விடுதி என்றால் சாவி கொடுக்கும்போதே அந்தக் கடிதத்தையும் கேட்டு வாங்கிவிடுங்கள், இன்னொரு நடை மிச்சம். பெரிய நகரங்களில் முன்பதிவு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், தேதியும் சுலபத்தில் கிடைக்காது. குடியாத்தத்தில் இருக்கும்போதே இணையத்தில் தேதி பிடித்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்குள் இடமே இல்லையென்றால், கிடைத்த தேதியைப் பிடித்து அந்த உறுதிச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். எதற்கு என்று பிள்ளைகள் மிரள்கிறார்கள். தேவாலய வரிக்காக. கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் சபைகளின் உறுப்பினர்கள் வருமான வரியோடு சேர்த்து அதில் 8 அல்லது 9 சதவீதம் சபைக்குக் கட்டுகிற ஏற்பாடு அங்கே உண்டு. வருமானமே இல்லாத மாணவருக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் என்ன எழுதுகிறோம் என்று தெரிந்து எழுத வேண்டும்.

பதிந்ததும் ஒரு தாள் தருவார்கள். பார்க்க நம் ரேஷன் கடை ரசீதைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அந்தத் தாள் வரும் வரை அந்த ஊரில் நீங்கள் யாருமில்லை. நம் ஊரில் தெருமுனையில் நின்றால் "நீ யார் வீட்டுப் புள்ள?" என்று கேட்டு, தாத்தா வரை போய், ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். அங்கே அந்தக் கேள்விக்கு பதில் இந்தத் தாள்தான். வங்கிக் கணக்கு, இணைய இணைப்பு, சில இடங்களில் நூலக அட்டை என்று எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள்.

இங்கேதான் நம் ஆட்களுக்கு மட்டும் வருகிற ஒரு சிக்கல். பெயர். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. சிலர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் இருக்கும், சிலருக்கு அந்த இடம் காலியாகவே இருக்கும். ஜெர்மனியில் ஒரு ஆளைக் குடும்பப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். அதாவது உங்கள் அப்பா பெயரைச் சொல்லி, "திரு. இன்னார், வாருங்கள்" என்று உங்களை அழைப்பார்கள். நகர அலுவலகத்தில் அப்பா பெயர் கேட்டதும், அவர் இங்கே எப்படி வந்தார் என்பது போலத் திரும்பிப் பார்த்தேன். சிரிக்காதீர்கள், உங்களுக்கும் நடக்கும்.

சரி, என்ன செய்வது? பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே எல்லா இடத்திலும் இருக்கட்டும்: டிக்கெட், வாடகை ஒப்பந்தம், காப்பீடு, பல்கலைக்கழகச் சேர்க்கை, வங்கி. ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் முழுப்பெயர் என்று இருந்தால், அவர்களுக்கு அது இரண்டு ஆள். குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால் ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு விதமாக நிரப்பும். இப்போதே பாஸ்போர்ட்டில் பிரித்துப் போட்டுவிட நேரம் இருந்தால் செய்துவிடுங்கள். விசா வந்துவிட்டது என்றால் தொடவே தொடாதீர்கள்.

(பிறந்த இடமும் கேட்பார்கள். நான் பிறந்தபோது எங்கள் மாவட்டம் வட ஆற்காடு அம்பேத்கர். பாஸ்போர்ட் எடுத்தபோது வேலூர். 2019-ல் பிரித்த பிறகு ராணிப்பேட்டை. வாலாஜா நகரவே இல்லை, மாவட்டம்தான் மாறிக்கொண்டே இருக்கிறது. இதையெல்லாம் நகர அலுவலகத்து அம்மாளுக்கு விளக்கப் போய் வரிசை நின்றுவிட்டது. பாஸ்போர்ட்டில் இருப்பதை மட்டும் காட்டிவிட்டுச் சும்மா இருங்கள்.)

பதிவு முடிந்து அறைக்குத் திரும்பியதும் தபால் பெட்டியில் பெயர் ஒட்டுங்கள். இதை எந்த லிஸ்டிலும் நான் பார்த்ததில்லை, ஆனால் சாவிக்கு அடுத்தபடி இதுதான் முக்கியம். அங்கே தபால்காரர் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். நம் தபால்காரர் மாதிரி "அந்த வீட்ல புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கு" என்று விசாரித்துக் கொடுக்கமாட்டார். அந்த நாட்டில் முக்கியமானது எல்லாம் இன்றும் தபாலில்தான் வருகிறது: வங்கி அட்டை ஒரு உறையில், அதன் ரகசிய எண் வேறொரு நாளில் வேறொரு உறையில், காப்பீட்டு அட்டை, பதிவு செய்தவர்களுக்குத் தானாக வரும் வரி எண். என் பெட்டியில் முதல் வாரம் ஹவுஸ்மைஸ்டர் வெள்ளைச் சீட்டில் அப்பா பெயரை அச்சடித்து ஒட்டினார். அழைப்பு மணிப் பலகையிலும் அதே. அப்பா வாலாஜாவைத் தாண்டி அதிகம் போனவரில்லை. அவர் பெயர் ஜெர்மனியில் ஒரு தெருவில் காலிங் பெல்லுக்குப் பக்கத்தில். படம் எடுத்து அனுப்பினேன். கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் காட்டினாராம்.

பணம், காப்பீடு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், இவற்றை உங்கள் கல்லூரி அலுவலகமே நன்றாகச் சொல்லும். விசாவுக்காக முடக்கிவைக்கும் கணக்கில் 2024 செப்டம்பரிலிருந்து மாதம் 992 யூரோ கணக்கு, வருடத்துக்கு 11,904. நீங்கள் இருக்கப்போகும் மாதங்களுக்கு ஏற்பக் கட்டுவீர்கள். அந்தப் பணம் மாதாமாதம் வெளியே வர ஒரு நடப்புக் கணக்கு வேண்டும், ஆகவே முதல் மாதச் செலவுக்குத் தனியாகக் கையில் இருக்கட்டும். விடுதி முன்பணம், முதல் வாடகை, செமஸ்டர் கட்டணம் மூன்றும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். யு.பி.ஐ. பழக்கத்தில் பணமே வைத்துக்கொள்ளாத பிள்ளைகள் நீங்கள். அங்கே சின்னக் கடைகளில் இன்றும் ரொக்கம் கேட்பார்கள். இருநூறு யூரோ சில்லறையாக வைத்திருங்கள். இந்திய அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இங்கேயே திறந்துவிடுங்கள். நம் சிம்முக்கு ரோமிங் போட்டு, குறுஞ்செய்தி வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிம்மை வீட்டில் விட்டுப் போன ஒரு பையனுக்கு, தறிச் சத்தத்துக்கு நடுவே அவன் அப்பா ஓ.டி.பி. எண்ணைக் கத்திக் கத்திப் படித்துச் சொன்னதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். ஏழு என்பது ஒன்பதாகக் கேட்டு, கணக்கே முடங்கியது.

இனி சாப்பாடு. பெட்டியில் இருந்தே தொடங்குவோம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் தனிப் பயணி கொண்டுபோகக் கூடாது. ஆம்பூர் பிரியாணி பார்சல் என்று யாராவது ஆசையாக நீட்டினால் மீனம்பாக்கத்திலேயே தின்றுவிடுங்கள். நெய்ப் பாட்டிலும் போகாது. ஆற்காடு மக்கன்பேடா மாவும் கோவாவும் கலந்தது. அது இனிப்பா, பால் பொருளா என்று சுங்க அதிகாரியோடு வாதாடுகிற அளவுக்கு முதல் நாள் உங்களிடம் ஜெர்மன் இருக்காது. அதையும் காட்பாடி தாண்டுவதற்குள் முடித்துவிடுவது நல்லது. பச்சையாக எந்தச் செடி, இலை, காய், பழத்துக்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள். விலக்கு ஐந்து பழத்துக்கு மட்டும்: அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, டுரியன். ஆக, தேங்காய் போகும், கறிவேப்பிலை போகாது. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயும் போகாது. கறிவேப்பிலையைப் பொடியாக்கி எடுத்துப் போங்கள். சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, புளி, ஊறுகாய், முறுக்கு ஆகியவற்றுக்குத் தொல்லை இல்லை.

அரிசி அங்கேயே கிடைக்கும். பாஸ்மதி எல்லாக் கடையிலும் உண்டு, இட்லி அரிசிக்கு ஆசியக் கடை தேட வேண்டும். 'மில்ஷ்ரைஸ்' என்று ஒரு குண்டரிசி விலை மலிவாக இருக்கும். நம்ம பொன்னி மாதிரி இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். பாலில் வேகவைத்து இனிப்பு செய்கிற அரிசி அது, சோறு வடித்தால் களியாகும். தயிர் நன்றாக இருக்கும். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். குக்கர் எடுத்துப் போவதாக இருந்தால் விடுதி அடுப்பு என்ன வகை என்று கேளுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பில் அலுமினியக் குக்கர் சூடேறாது.

சமையலறை பொது. அங்கே தாளிக்கிறபோது கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து, எண்ணெய் புகைவதற்கு முன் கடுகைப் போடுங்கள். அறைகளில் புகை உணர்வி இருக்கிறது. காய்ந்த மிளகாய் கருகுகிற புகைக்கும் வீடு எரிகிற புகைக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. நடுராத்திரி ரசம் வைக்கப்போய் ஒரு மாடி முழுக்கப் போர்வையோடு தெருவில் நின்ற சம்பவங்கள் உண்டு. மத்தியானத்துக்கு மென்சா என்கிற மாணவர் உணவகம் இருக்கிறது. மலிவு, சைவமும் தினம் உண்டு. முதல் வாரம் உப்பு சப்பில்லாமல் இருக்கும். பையில் ஒரு சின்ன டப்பா மிளகாய்ப் பொடி வைத்துக்கொண்டு போனேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. பெரிய ரயில் நிலையத்தில் சில கடைகள், காலையில் கொஞ்ச நேரம் ரொட்டிக் கடை, அவ்வளவுதான். நம் ஊரில் ஞாயிறுதான் கறிக்கடை, காய்க்கடை எல்லாம் களைகட்டும். அந்தப் பழக்கத்தில் முதல் ஞாயிறு வெறும் முறுக்கோடு கழிக்காதவர் நம்மில் யாரும் இல்லை. சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். பெரும்பாலான பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் சேர்த்து வாங்குவார்கள், காலிப் பாட்டிலைக் கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும், எறிந்துவிடாதீர்கள். குப்பையை நாலைந்து விதமாகப் பிரிக்க வேண்டும், பக்கத்து அறைக்காரர் சொல்லித் தருவார், கேட்காமலே சொல்லித் தருவார்.

குளிரைப் பற்றி நம் வேலூர்க்காரர்களுக்கு இருக்கும் பயம் பாதி தேவையில்லாதது. ஏலகிரியில் ராத்திரி ஸ்வெட்டர் தேடுகிற ஆட்கள் நாம். ஆனால் அங்கே அக்டோபரில் பகலில் பத்து முதல் பதினைந்து டிகிரி இருக்கும், கட்டடத்துக்குள் எல்லா இடமும் கதகதப்புதான். இங்கே ஐயாயிரம் ரூபாய் கொடுத்து எருமை மாதிரி ஒரு ஜாக்கெட் வாங்கிப் பெட்டியை நிரப்பாதீர்கள். உள்ளே போடுவது இரண்டு எடுத்துக்கொண்டு, மேலே போடுவதை அங்கே வாங்குங்கள். கிளம்புகிற சீனியர்கள் பாதி விலைக்குத் தருவார்கள். அறையின் ஹீட்டரில் 1 முதல் 5 வரை எண் இருக்கும். 3 வைத்தால் ஏறக்குறைய இருபது டிகிரி. 5 வைத்தால் சீக்கிரம் சூடாகும் என்று நினைப்பது தப்பு, சூடாகிக்கொண்டே போகும். தினம் இரண்டு முறை, ஐந்து நிமிடம் ஜன்னலை அகலத் திறந்து காற்று மாற்றுங்கள். சோறு வடித்த ஆவியும் துணி காய்ந்த ஈரமும் சுவரில் பூஞ்சணமாகப் படிந்தால் முன்பணத்தில் பிடித்துவிடுவார்கள்.

இப்போது வகுப்பு. முதல் நாள் பத்து மணி வகுப்புக்கு ஒன்பது ஐம்பத்தைந்துக்கே போய் உட்கார்ந்தேன். பத்தாச்சு, யாருமில்லை. பத்து ஐந்து, பத்து. அறை மாறி வந்துவிட்டோம் என்று எழுந்து அழாத குறையாக ஓடும்போது பேராசிரியர் எதிரே வருகிறார். கால அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் 'சி.டி.' என்று இரண்டு எழுத்து போட்டிருந்தார்கள். லத்தீன் சுருக்கம், சொன்ன நேரத்துக்குக் கால் மணி பின்னால் தொடங்கும் என்று அர்த்தம். 'எஸ்.டி.' என்று இருந்தால் சரியான நேரத்துக்கு. பாடம் முடிந்ததும் எல்லாரும் மேசையை விரல் முட்டியால் தட்டினார்கள். ஆசிரியர் மேல் ஏதோ கோபம் என்று நினைத்துவிட்டேன். அது கைதட்டலுக்குப் பதில்.

இவை வேடிக்கை. வேடிக்கையில்லாத ஒன்று இருக்கிறது. நமக்கு 75 சதவீத வருகைப் பதிவு, இன்டர்னல், அசைன்மென்ட், மாதாமாதம் யாராவது ஒருவர் காதைத் திருகிக்கொண்டே இருப்பார்கள். அங்கே விரிவுரைகளில் பெரும்பாலும் வருகைப் பதிவே கிடையாது. அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரி வரை யாரும் உங்களை ஒன்றும் கேட்கமாட்டார்கள். அப்புறம் ஒரே ஒரு தேர்வு, முழு மதிப்பெண்ணும் அதற்குத்தான். அந்தத் தேர்வுக்கும் நீங்களாக, குறிப்பிட்ட தேதிக்குள், இணையத்தில் தனியாகப் பதிய வேண்டும். பாடத்தில் சேர்ந்தால் தேர்விலும் சேர்ந்த மாதிரி என்று நினைத்து, நாலு மாதம் ஒழுங்காகப் படித்துவிட்டு, தேர்வு எழுத முடியாமல் நின்ற பிள்ளையை எனக்குத் தெரியும். வகுப்பு தொடங்கிய முதல் வாரமே அந்தத் தேதியைக் கேட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

கிளம்புவதற்கு முன் உங்கள் துறைத் தலைவரோடு உட்கார்ந்து பேச வேண்டியதும் இதை ஒட்டித்தான். அங்கே தேர்வு பிப்ரவரியில், சில பாடங்களுக்கு மார்ச் வரை போகும். நம் அடுத்த செமஸ்டர் டிசம்பரிலோ ஜனவரியிலோ தொடங்கிவிடும். இரண்டும் மோதும். தாமதமாக வந்து சேரலாம் என்பதை எழுத்தில் வாங்கிவிட்டு, தேர்வுத் தேதி தெரிந்த பிறகு திரும்பும் டிக்கெட் போடுங்கள். இங்கே எழுதிக் கொடுத்த பாடப் பட்டியல் அங்கே போனதும் கட்டாயம் மாறும். ஒன்று ஜெர்மனில் நடக்கும், ஒன்று இந்த முறை நடத்தமாட்டார்கள். மாறியதை இரண்டு கல்லூரியும் கையெழுத்திட்ட பிறகுதான் அது பாடம். ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட் என்பது அவர்கள் கணக்கு. நமக்கு எத்தனை வேண்டும் என்று தெரிந்துகொண்டு அதற்குத் தகுந்தபடி எடுங்கள், மார்தட்டிக்கொண்டு முப்பதையும் எடுக்க வேண்டாம். மதிப்பெண் முறையை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். அங்கே 1.0 தான் உச்சம், 4.0 வரை பாஸ், 5.0 ஃபெயில். "1.3 வாங்கிட்டேம்மா" என்று நான் சந்தோஷமாகச் சொல்ல, அம்மா போனிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள்.

கடைசியாக, தனியாக இருப்பது. நீங்கள் பயப்படுகிற நாட்களில் அது வராது. முதல் இரண்டு வாரம் சாவி, பதிவு, வங்கி, அட்டை என்று ஓடுகிற ஓட்டத்தில் ராத்திரி படுத்ததும் தூக்கம் வந்துவிடும். எல்லாக் காகிதமும் கைக்கு வந்து, இனி ஓட ஒன்றுமில்லை என்ற நாளில்தான் வரும். எனக்கு அந்த வருடம் அக்டோபர் 22 புதன்கிழமை தீபாவளி. வகுப்பு இருந்தது, போனேன், வந்தேன், பரவாயில்லாமல்தான் இருந்தது. அந்த ஞாயிறு, 26-ம் தேதி, கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் அப்படித்தான். அதுவரை நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேரம்; அன்றிலிருந்து நாலரை. சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கியது. வகுப்பு முடிந்து ஆறு மணிக்கு வீட்டுக்குப் பேசலாம் என்றால் இங்கே பத்தரை. வாலாஜாவில் எல்லாரும் படுத்திருப்பார்கள். ஒரு மணி நேரம்தானே மாறியது என்று மூளைக்குத் தெரிகிறது. அன்று ராத்திரி தான் முதல் முறையாக அழுதேன்.

ஆகவே அந்த ஞாயிறு வருவதற்குள் வாரத்தில் இரண்டு மாலையைக் கட்டிப்போடுங்கள். பல்கலைக்கழக விளையாட்டு வகுப்புகள் மிகக் குறைந்த கட்டணத்துக்கு உண்டு, வாலிபால் முதல் யோகா வரை. செமஸ்டர் தொடக்கத்தில் பதிவு திறந்த கொஞ்ச நேரத்தில் இடம் தீர்ந்துவிடும். மொழி வகுப்பு ஒன்று. வீட்டுக்குப் பேசுகிற நேரத்தை மத்தியானத்துக்கு, மென்சாவில் சாப்பிட்ட பிறகு என்று மாற்றிவிடுங்கள். அப்போது இங்கே சாயங்காலம், அம்மாவுக்கும் வசதி.

"இந்தியர்களோடே ஒட்டிக்கொள்ளாதே, வெளிநாட்டவரோடு பழகு" என்று எல்லாரும் அறிவுரை சொல்வார்கள். முதல் வாரத்துக்கு நான் அதை ஒப்புக்கொள்ளமாட்டேன். சி.எம்.சி. எதிரில் இருக்கும் சந்துகளில் வங்காளிக் குடும்பங்கள் வந்து இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். நோயாளியை வைத்துக்கொண்டு, பாஷை தெரியாத ஊரில், முதல் மணி நேரத்தில் தங்கள் மொழி பேசுகிற ஒருவரைப் பிடிக்கிறார்கள். அவரிடம் லாட்ஜ், அடுப்பு, மீன் எங்கே கிடைக்கும், எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று நான்கையும் கேட்டுக்கொள்கிறார்கள். சாயங்காலத்துக்குள் சோறு வெந்துவிடும். நாலாம் நாள் ஆட்டோக்காரரிடம் அரைகுறைத் தமிழில் பேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். எப்படிக் குடியேறுவது என்பதற்கு அவர்களைவிட நல்ல வாத்தியார் எனக்குத் தெரியாது. நீங்களும் முதல் வாரம் அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள், வெட்கமில்லாமல் கேளுங்கள். இரண்டாவது வாரத்திலிருந்து மத்தியானச் சாப்பாட்டை மட்டுமாவது வேறு மேசையில் சாப்பிடுங்கள்.

ஊர் திரும்பும்போதும் சில வேலைகள் உண்டு. நாட்டை விட்டுப் போகிறேன் என்று விலாசப் பதிவை நீக்குவது, காப்பீட்டை நிறுத்துவது, அறையைச் சுத்தம் செய்து முன்பணத்தைக் கேட்பது. அதைப் பிப்ரவரியில் கேளுங்கள், சொல்கிறேன். நான் சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்று ஹவுஸ்மைஸ்டர் தபால் பெட்டியிலிருந்த பெயர்ச் சீட்டைக் கிழிக்கப் போனார். நானே நகத்தால் மெதுவாகப் பிரித்து எடுத்து, பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். வாலாஜாவில் அப்பாவின் கடைக் கல்லாப் பெட்டி மூடிக்கு உள்பக்கம் இன்னும் ஒட்டியிருக்கிறது.